வெளிச்சம் தெரிகிறது, சைகை அல்ல

மலையூரான செர்-தாஷின் கடைத்தெருவில் ரேடியோ, இஸ்திரிப்பெட்டி, டார்ச் என்று எதைக் கொடுத்தாலும் ரிப்பேர் பார்க்கிறவன் எசென்குல். ஊரில் எல்லோரும் அவனை உஸ்தா என்றுதான் கூப்பிடுவார்கள். கைவேலைக்காரனுக்கு அங்கே அதுதான் மரியாதை. அவன் மேசைமேல் ஓர் ஆப்ரிகாட் ஜாம் பாட்டில் இருக்கும். அதில் ஜாம் கிடையாது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாய், எட்டுக் கால் வைத்த கறுப்புச் சிப்புகள் அறுபது கிடந்தன. அக்டோபர் பதினெட்டாம் தேதிவரை கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் குலுக்கிக் காட்டிச் சிரிப்பான். அதற்குப் பிறகு அதன்மேல் ஒரு கந்தைத் துணியைப் போட்டு மூடிவிட்டான்.

ஏன் மூடினான் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால் மாவட்ட அபாயத் தடுப்பு அலுவலகத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒழுங்கு என்பதே அங்கேதான் குடியிருக்கிறது.

போன வசந்தத்தில் அந்த அலுவலகம் மேய்ப்பர்களுக்கு அறுபது டார்ச் கொடுத்தது. மூன்று மணி நேரம் உரை, பத்து நிமிஷம் விநியோகம். ஒவ்வொரு டார்ச்சுக்கும் ஐந்து நிலை. முழு வெளிச்சம், பாதி, கால், மினுக்கல், ஐந்தாவதாக ஆபத்துச் சைகை: மூன்று குட்டை, மூன்று நெட்டை, மூன்று குட்டை. ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் அடுத்த நிலை வரும். எந்த நிலை வரும் என்பது டார்ச்சுக்குத்தான் தெரியும். கூடவே நாற்பத்தெட்டுப் பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம். அது அடுப்புப் பற்றவைக்க அருமையாக இருந்ததாக எல்லோருமே சொன்னார்கள்.

மேய்ச்சல் மலையில் என்ன நடந்தது? ஓநாய் வந்து நிற்கும். மேய்ப்பர் பதறிப்போய்ப் பொத்தானை அமுக்குவார். மினுக்கல் வரும். ஓநாய் நின்று வேடிக்கை பார்க்கும், ஆடுகள் மிரண்டு பள்ளத்தில் விழும். இருட்டில் பூட்ஸ் தேட அமுக்கினால் ஆபத்துச் சைகை வரும். மலைக்கு எதிரே காவல் சாவடியில் இருக்கிற தாயிர் அதைப் பார்த்துவிடுவான். சட்டப்படி மீட்பு வண்டி கிளம்பும். முதல் இரண்டு மாதத்தில் முப்பத்தொரு தடவை கிளம்பியது. முப்பத்தொரு தடவையும் மேய்ப்பர் பூட்ஸோடு வெளியே வந்து, "வாங்க வாங்க, கிமிஸ் குடிங்க" என்று புளித்த குதிரைப்பாலை நீட்டினார். மீட்புக் குழுவில் நாலு பேருக்குத் தொப்பை விழுந்ததுதான் மிச்சம்.

அலுவலகம் சும்மா இருக்குமா? சுற்றறிக்கை எண் பதினேழு போட்டது: 'ஐந்து நிலை டார்ச்சிலிருந்து வரும் ஆபத்துச் சைகை, கை தவறி அழுத்தியதாகக் கருதப்படும்.' வண்டி நின்றது. டார்ச் நிற்கவில்லை.

முதலில் எசென்குலிடம் வந்தவள் உல்ஜான். நானூறு ஆடு வைத்திருப்பவள், கூப்பிட்டால் அடுத்த பள்ளத்தாக்கில் கேட்கும்.

"உஸ்தா, இந்தப் பீடையை என்னன்னு பாரு. நான் கேக்கறது வெளிச்சம். இது எனக்கு டான்ஸ் ஆடிக் காட்டுது!"

எசென்குல் டார்ச்சின் கழுத்தைத் திருகித் திறந்தான். பல்புக்குப் பின்னால் காசு அகலத்தில் ஒரு பலகை. பேட்டரியிலிருந்து பல்புக்கு எவ்வளவு போக வேண்டும் என்று அளந்து விடுவது அதன் வேலை. தொழிலில் அதை டிரைவர் என்பார்கள். அதன் நடுவே எட்டுக் காலோடு உட்கார்ந்திருக்கும் சிப்புதான் ஐந்து ஆட்டத்துக்கும் வாத்தியார். சூடு காட்டி அதைப் பிடுங்கினான். பிடுங்கிய இடத்தில் முடி கனத்துக்கு ஒரு செம்புக் கம்பியைக் குறுக்கே போட்டு ஈயம் வைத்தான். அவ்வளவுதான். அமுக்கினால் எரியும், இன்னொரு தடவை அமுக்கினால் அணையும். ஒரே நிலை. அதுவும் கண்ணைக் குத்தாத நடுத்தர வெளிச்சம், ஒரு பேட்டரிக்கு விடியும்வரை நிற்கும். அதில்தான் அவனுக்குப் பெருமை.

கோடைக்குள் அறுபது டார்ச்சும் வந்து போய்விட்டன. ஒரு கிண்ணம் பாலாடை, கொஞ்சம் குருத் என்கிற காய்ந்த தயிர் உருண்டை, சில சமயம் வெறும் கைகுலுக்கல். பாட்டில் நிறைந்தது.

அக்டோபர் பதினேழாம் தேதி ராத்திரி, படுக்கப் போகுமுன் எசென்குல் ஜன்னலோரம் நின்றான். எதிர் மலையின் எஷெக் சரிவில் ஒரு வெளிச்சம். மினுக்காமல், அசையாமல் நின்றது.

"புருல், இங்க வா! பாத்தியா? என் கைவேலை. எப்படி நிக்குது பாரு."

அவன் மனைவி புருல் எட்டிப் பார்த்தாள். "ஆட்டையெல்லாம் முந்தாநாளே கீழ ஓட்டிட்டு வந்துட்டாங்களே. அங்க யாரு இருக்கா?"

எசென்குலுக்கும் அது ஒரு நொடி உறைத்தது. உறைத்தது என்பதுதான் இந்தக் கதையில் பெரிய கெட்ட விஷயம். "யாராவது இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர விளக்கை அணைத்தான். வெளியே நல்ல பனி. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கினான்.

அங்கே இருந்தவர் கெரிம்பாய். காணாமல் போன தன் பெட்டைக் குதிரையைத் தேடிப் போய், பாறை சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு கிடந்தார். விடிந்தபின் சாலை செப்பனிட வந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்து ஏறிப்போய்த் தூக்கி வந்தார்கள். கால் எலும்பு கூடிவிடும் என்றார் மருத்துவர். இடது பாதத்தில் மூன்று விரல்கள் பனியில் கருகிவிட்டன, எடுத்துவிட்டார்கள்.

மேய்ச்சலில் அடிபட்டவருக்கு அந்தக் குளிர்காலத்துக்கு இரண்டு டன் நிலக்கரி தர வேண்டும் என்று விதி. கெரிம்பாயின் வீடு ஆற்றோரத்தில் இருக்கிறது, ஜனவரியில் சுவரின் உட்புறமே உறைந்துவிடும். ஆனால் விதியில் ஒரு வாசகம்: 'தன் கவனக்குறைவால் அல்லாத' விபத்தாக இருக்க வேண்டும். அலுவலகம் விசாரித்தது. அரசு கொடுத்த ஐந்து நிலை டார்ச் கையில் இருந்தும், கெரிம்பாய் ஐந்தாம் நிலையை அழுத்தவில்லை. ஆகவே கவனக்குறைவு. ஆகவே நிலக்கரி கிடையாது. அது மட்டுமா? ஊரையே கூட்டி, பொத்தானை அழுத்தச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி ஒன்றும் நடத்தப்படும். அதில் கெரிம்பாய் முன்னால் நின்று அழுத்திக் காட்ட வேண்டும்.

எசென்குலுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நிலை இருந்தால்தானே மனுஷன் அழுத்துவான்? அது ஜாம் பாட்டிலில் அல்லவா கிடக்கிறது!

மறுநாள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த எழுத்தரிடம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன். அதைச் சொல்லணும்."

"கோரிக்கையா, புகாரா, நன்றியா?"

"தப்புங்க."

"தப்புக்குப் படிவம் இல்லை. கோரிக்கைப் படிவம் ஆகஸ்ட்லயே தீந்துபோச்சு. புகார்ப் படிவம் இன்னும் அச்சே அடிக்கலை. நன்றிப் படிவம்னா கட்டுக்கட்டா இருக்கு, எத்தனை வேணும்?"

வேறு வழியில்லாமல் அதை வாங்கினான். மேலே அச்சில், 'அலுவலகத்துக்கு என் நெஞ்சார்ந்த நன்றி, ஏனெனில்' என்று இருந்தது. அதற்குக் கீழே எசென்குல் எழுதினான்: 'டார்ச்சில் ஆபத்துச் சைகையை எடுத்தது நான்தான். கெரிம்பாய் பைகேயின் விரல் போனது என்னால்தான். அவர்மேல் தப்பில்லை.' மூத்தவரை அங்கே பைகே, அதாவது அண்ணன், என்பார்கள். எழுத்தர் படிக்காமலேயே முத்திரை குத்தினார்.

படிவம் தலைவரின் அறைக்குப் போயிற்று, பின்னாலேயே அவனும் போனான். தலைவர் ஒரோஸ்பெக் தாலிபோவிச் அகலமான மனிதர். அவர் மேசை அவரைவிட அகலம்.

"நன்றி கிடைச்சது, உஸ்தா. சந்தோஷம்."

"நன்றி இல்லீங்க. உள்ள எழுதியிருக்கறதைப் படிங்க."

தலைவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் இப்படி மனசைப் போட்டு அலட்டிக்கறே? பதிவேட்டுல அறுபது டார்ச் இருக்கு. அறுபதும் அஞ்சு நிலை. நீ எதையும் எடுக்கலை."

"எடுத்தேங்க. பாட்டில்ல வெச்சிருக்கேன்."

"எடுத்திருந்தா பதிவேட்டுல வந்திருக்குமில்ல? வரலை. அப்ப எடுக்கலை. இதுல என்ன குழப்பம்?"

எசென்குல் வாயைத் திறந்தான். தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். இழுப்பறையிலிருந்து தம் சொந்த டார்ச்சை எடுத்து மேசைமேல் வைத்தார். குரல் தாழ்ந்தது.

"வந்ததுதான் வந்தே. கொல்லைப்பக்கம் போறதுக்குள்ள இது மினுக்கு மினுக்குனு மினுக்கி உயிரை வாங்குது. போன வாரம் என் வீட்டு நாயே என்னைத் திருடன்னு நெனச்சுக் கடிக்க வந்துருச்சு. இதையும் ஒரே நிலையா பண்ணிக் குடுத்துடேன். ஊர்ல எல்லாருக்கும் பண்றியாமே?"

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் நாக்கு புரண்டது. "நாளைக்குத் தரேங்க" என்று வந்துவிட்டது. அறுபத்தொன்றாவது சிப்பும் பாட்டிலுக்குள் விழுந்தது. அன்று அவன் தன்னைத் தானே திட்டிய திட்டை இங்கே எழுதினால் அச்சேறாது.

குற்றம் நெஞ்சைக் குத்துகிறவனுக்குப் புத்தி நேராக ஓடாது. இவனுக்கும் ஓடவில்லை. கெரிம்பாய் மருத்துவமனையில் இருக்கும்போதே, சரிபார்க்கிறேன் என்று அவர் வீட்டில் சொல்லி அவருடைய டார்ச்சை வாங்கிவந்தான். பாட்டிலிலிருந்து நல்ல சிப்பாக ஒன்றைப் பொறுக்கினான். செம்புக் கம்பியை நீக்கிவிட்டு, எட்டுக் காலையும் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் உட்காரவைத்து ஈயம் வைத்தான். மூன்று மணி நேரம் ஆயிற்று. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல். அட மடையா, என்ன செய்து வைத்தாய் என்று கேட்க அப்போது பக்கத்தில் ஆளில்லை.

பயிற்சி நாளன்று பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் ஊரே கூடியிருந்தது. எல்லோர் கையிலும் டார்ச். 'கவனக்குறைவான குடிமகன்' என்று எழுதிய நாற்காலியில் ஊன்றுகோலோடு கெரிம்பாய். பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சாவடிக் காவலன் தாயிர். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்னிக்கு ராத்திரி நம்ம சாவடி ஒரு நிமிஷம்கூடக் கண்ணசரலை. ஒன்பது மணி நேரம் அந்த வெளிச்சத்தைப் பாத்துக்கிட்டே இருந்தோம். மணிக்கு ஒரு தடவை பதிவு பண்ணியிருக்கோம். தாயிர், படி!"

தாயிர் படித்தான். "ஒன்பது மணி. வெளிச்சம் தெரிகிறது, சைகை அல்ல. பத்து மணி. வெளிச்சம் தெரிகிறது, சைகை அல்ல. பதினோரு மணி..."

"எந்த ஊர்ல இருக்கு இப்படி ஒரு விழிப்பு?" என்றார் தலைவர்.

"பாத்தீங்கள்ல, அப்புறம் ஏன் போகலை?" உல்ஜானுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"சைகை வரலையேம்மா. வெளிச்சம் வேற, சைகை வேற."

"சைகை வந்திருந்தா போயிருப்பீங்களோ?"

"அதெப்படி? சுற்றறிக்கை பதினேழு இருக்கில்ல? கை தவறி அழுத்தினதுன்னு எழுதியிருப்போம். ஆனா அதுக்குத் தனிப் பத்தி இருக்கு. முறையா அந்தப் பத்தியில எழுதியிருப்போம். இவர் பண்ணின காரியத்தால இந்தப் பத்தியில எழுத வேண்டியதாப் போச்சு!"

கூட்டம் இதை விழுங்கிச் செரிப்பதற்குள் அரங்க விளக்குகளை அணைக்கச் சொன்னார். கெரிம்பாய் எழுந்து நின்று தம் டார்ச்சை அழுத்தினார். முழு வெளிச்சம். மறுபடி அழுத்தினார், பாதி. பிறகு கால். பிறகு மினுக்கல். ஐந்தாவதில், மூன்று குட்டை, மூன்று நெட்டை, மூன்று குட்டை என்று சுவரெல்லாம் பளிச் பளிச்சென்று அடித்தது.

"பாருங்க!" தலைவர் துள்ளிவிட்டார். "அஞ்சு நிலையும் அருமையா வேலை செய்யுது! இதைக் கையில வெச்சுக்கிட்டுத்தான் இந்த மனுஷன் சும்மா படுத்திருக்கார்!"

கெரிம்பாய் டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னோடது இல்லையே. என்னோடது அசையாம நிக்கும்."

மூன்று மணி நேரம் குனிந்து தான் உட்காரவைத்தது ஒரு சிப்பை அல்ல, கெரிம்பாய்க்கு எதிரான சாட்சியை என்று அந்த இருட்டில் எசென்குலுக்கு விளங்கியது. கூடவே கொண்டுவந்து மடியில் வைத்திருந்த பாட்டிலின் கந்தைத் துணியை அவிழ்த்தான். எப்படியோ மேடைக்குப் போய்ப் பாட்டிலை மேசையில் வைத்தான்.

"இதைத் திருப்பி வெச்சது நான். எடுத்ததும் நான்தான். அன்னிக்கு அவர் டார்ச்சுல அஞ்சாம் நிலை கிடையாது. ஊர்ல ஒரு டார்ச்சுலயும் கிடையாது. எல்லாம் இதுல கிடக்கு."

தலைவர் அசரவில்லை. இருட்டில் படிக்கத் தம் டார்ச்சைப் போட்டு, கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "உஸ்தாவுக்கு அலுவலகத்துமேல எவ்வளவு பாசம்னு எனக்குத் தெரியும். இதோ, அவரே எழுதின நன்றி மடல். நாலாம் எண். 'நெஞ்சார்ந்த நன்றி, ஏனெனில் கெரிம்பாய் பைகேயின் விரல் போனது...'" நிறுத்தினார். தாளை மடித்தார். "முக்கியமானது அந்த முதல் வரிதான். பாட்டில்ல இருக்கறது எதுவும் பதிவேட்டுல இல்லை, அதனால அது இங்க இல்லை. மத்தவங்க டார்ச்சுல நிலை குறையுதுன்னா, அரசுச் சொத்தைச் சேதம் பண்ணினவங்க யாருன்னு அவங்களே இப்ப முன்னால வரலாம்."

ஒருவரும் முன்னால் வரவில்லை. எசென்குல் இருட்டைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்றான். அவர்களைக் குறை சொல்ல அவனுக்கு வாய் ஏது?

"தலைவரே," என்றாள் உல்ஜான். "நீங்க கையில வெச்சுப் படிக்கறீங்களே, அந்த டார்ச்சுல அஞ்சாம் நிலையைக் கொஞ்சம் காட்டுங்களேன். நாங்க பாத்துக் கத்துக்கறோம்."

தலைவர் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். அணைந்தது. அழுத்தினார், எரிந்தது. அழுத்தினார், அணைந்தது. நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார். முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

உல்ஜான் தன் டார்ச்சைப் போட்டு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். பக்கத்தில் இருந்தவர் போட்டார். அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. ஐம்பத்தொன்பது டார்ச். ஒன்றுகூட மினுக்கவில்லை.

தலைவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். பிறகு கடமை தவறாத குரலில் சொன்னார்: "தாயிர், எழுது. அரங்கில் வெளிச்சம் தெரிகிறது. சைகை அல்ல."

தாயிர் எழுதினான். பயிற்சி முழு வெற்றி என்று தலைநகருக்கு அறிக்கை போயிற்று. தீர்ப்பு மாறவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் எசென்குல் தன் வீட்டு நிலக்கரியில் பாதியைக் கழுதைவண்டியில் ஏற்றிக்கொண்டு கெரிம்பாய் வீட்டுக்குப் போனான். புருல் மூட்டை தூக்கக் கைகொடுத்தாள். கெரிம்பாய் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எசென்குல் ஒவ்வொரு மூட்டையாக இறக்கினான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மூட்டையை இறக்கியதும் அவர் டார்ச்சை நீட்டினார். "இந்தப் பூச்சியை எடுத்துடு. சும்மாச் சும்மா மினுக்குது."

"பைகே, அன்னிக்கு அது இருந்திருந்தா..."

"இருந்திருந்தா வேற பத்தியில எழுதியிருப்பானுங்க. அதான் அரங்குல காதால கேட்டேனே."

"நீங்க ஏன் விட்டுவிட்டாவது அழுத்தலை? அணைச்சு அணைச்சுப் போட்டிருந்தா..."

"அணைச்சா, போய்ச் சேந்துட்டான்னு நெனச்சுட மாட்டாங்களா? அதான் அப்படியே பிடிச்சிருந்தேன்."

எசென்குல் டார்ச்சை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தான். வண்டியில் ஏறப் போனவன் திரும்பி வந்தான். சிப்பைப் பற்றி அலுவலகத்தில் சொல்லியாயிற்று, ஊர்முன்னால் சொல்லியாயிற்று. அதெல்லாம் சுலபம். சொல்லாதது ஒன்று பாக்கி இருந்தது.

"பைகே. அன்னிக்கு ராத்திரி நான் அந்த வெளிச்சத்தைப் பாத்தேன். ஆடெல்லாம் கீழ வந்துடுச்சுன்னும் எனக்குத் தெரியும். என் கைவேலை எப்படி நிக்குதுன்னு பெருமைப்பட்டுக்கிட்டுப் போய்ப் படுத்துட்டேன்."

கெரிம்பாய் ஊன்றுகோலால் தரையில் இருந்த கரித்தூளைத் தள்ளினார்.

"தெரியும்" என்றார். "மேலேருந்து பாத்தா உன் ஜன்னல் நல்லாத் தெரியும். அதைப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். நீ அணைச்சதையும் பாத்தேன்."

ஊன்றுகோலை ஊன்றி எழுந்து, குளிர்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எசென்குல் வீட்டு ஜன்னலோர விளக்கு ராத்திரியில் அணைவதில்லை. காவல் சாவடியில் தாயிர் அதைத் தவறாமல் கவனித்து வருகிறான். பதிவேட்டில் மணிக்கு ஒரு தடவை, அழகான கையெழுத்தில் எழுதியும் வைக்கிறான்: கீழே ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிகிறது, சைகை அல்ல.